கடலுக்குப் போனவர்களின் சுவர்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பழமலைநாதன் நடத்திவந்த பொம்மைக் கம்பெனியில் சூளை பற்றவைக்கும் நாளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சுடாத பச்சைச் சரக்கை உள்ளே அடுக்கிக் கதவை அடைத்ததும் ஒரு சுமங்கலி வந்து கதவில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தீ. சூட்டை அளக்கும் கருவி வந்து பல வருஷம் ஆகியும் இந்த வழக்கம் போகவில்லை. கருவி சூட்டைச் சொல்லும். உள்ளே போனது உடையாமல் வெளியே வரும் என்று எந்தக் கருவி உத்தரவாதம் கொடுத்திருக்கிறது?

அந்தக் குங்குமத் தட்டைக் கையில் எடுப்பவள் அங்கே வேலை பார்க்கும் கனகா. அவள் சுமங்கலிதானா என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. ஆறு வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

கனகாவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கம். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கட்டிக்கொடுத்தது விருத்தாசலத்தில், தமிழ்செல்வன் என்பவனுக்கு. அவன் வேப்பூர் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். பஸ் வந்து நின்றால் கால் மணி நேரத்தில் ஐம்பது பேருக்குச் சோறு போட்டு அனுப்பிவிடுவான். ஒருநாள் கார் பழுதாகி அங்கே மாட்டிக்கொண்ட கப்பல் அதிகாரி ஒருவர் அவன் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நீ இருக்க வேண்டிய இடம் இதுவா என்று கேட்டுத் தொலைத்தார். அந்த மனிதருக்குப் பசித்த நேரம் சரியில்லை. அப்புறம் பயிற்சி, சான்றிதழ் என்று எங்கெங்கோ அலைந்து, சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்காரனாகப் போய்ச் சேர்ந்தான் தமிழ்செல்வன். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அவன் அப்பா கோவிந்தசாமி பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். மனைவியை எப்போதோ பறிகொடுத்துவிட்டு ஒரே மகனை வளர்த்தவர். கடலூரில் கால் நனைத்ததோடு சரி, கடலைப் பற்றி அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஆனாலும் மகன் கப்பலில் இருக்கிறான் என்று டீக்கடையில் சொல்லும்போது அவருக்கு ஒரு சாண் உயரம் கூடிவிடும்.

தமிழ்செல்வன் இரண்டு தடவை லீவில் வந்தான். கடலைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வான். கேப்டனுக்கு ரசம் பிடிக்கும், வடநாட்டு ஆட்களுக்கு சப்பாத்தி மெல்லியதாக இருக்க வேண்டும், இவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன்மேல்தான் தட்டை வைப்பான். இது என்ன கூத்து, தரையெல்லாம் ஈரம் என்று கனகா திட்டுவாள். பழகிப்போச்சு என்று சிரிப்பான்.

2001 மழைக்காலத்தில் அந்தக் கப்பல் காணாமல் போனது. ‘நீலதாரா’ என்று பெயர். பழைய கப்பல். புயல் சின்னம் இருந்த நாளில் கரையோடு கடைசியாகப் பேசியிருக்கிறது, அதற்கப்புறம் சத்தமே இல்லை. கப்பலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று வந்தது. பிறகு போனே வரவில்லை. மகன் எங்கோ ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறான், அல்லது வேறு தேசத்துக்காரன் பிடித்து வைத்திருக்கிறான் என்று கோவிந்தசாமி முடிவு கட்டிவிட்டார். ஊர்ச் சாமி பழமலைநாதர் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். நட்சத்திரம் சொல்லும்போது குரல் கொஞ்சம்கூட நடுங்காது.

இறந்தவன் பெண்டாட்டிக்கு ஒரு வழி, இருப்பவன் பெண்டாட்டிக்கு ஒரு வழி வைத்திருக்கும் ஊர், கனகாவுக்கு ஒரு வழியும் வைக்கவில்லை. வளைகாப்பு வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அவளிடம் வரும்போது தட்டைப் பிடித்திருப்பவளுக்குத் திடீரென்று உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். தட்டு சுற்றிக்கொண்டு அடுத்த ஆளிடம் போகும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியாவது இருக்கலாம். போகப் போக அவள் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். பழமலைநாதன் மட்டும், இல்லைன்னு யாரு கண்டது என்று சொல்லி, சூளைக் கதவுக்குக் குங்குமம் வைக்கும் வேலையை அவளிடமே விட்டுவைத்தார். அவள் நெற்றிக்கும் கழுத்துக்கும் ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்தச் சூளை கொடுத்ததுதான்.

அந்த நிலைமையில்தான் 2007-இல் கம்பெனிக்குப் புதிதாக ஒரு ஆர்டர் வந்தது. கடற்கரை நகரம் ஒன்றில் நம் நாட்டுக் கப்பல்களின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்மரக் காலத்திலிருந்து எண்ணெய்க் கப்பல் வரைக்கும் எல்லாம் ஒரே கூரைக்கடியில். அதில் ஒரு சுவர், கடலுக்குப் போய்த் திரும்பாத மாலுமிகளுக்கு. ஆளுக்கு ஒரு பீங்கான் டைல்ஸ், அதில் பெயர். பெயரை அச்சில் போடாமல் பச்சை மண்ணில் கையால் கீற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துக்குப் பழமலைநாதனுக்கு வேறு யார் ஞாபகம் வருவார்கள்? கேட்கத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். கனகா சரி என்றாள்.

சுவரை அளந்து வர பழமலைநாதனும், மோல்டு செய்யும் ராஜாங்கமும், கனகாவும் போனார்கள். வேலை பாதிதான் முடிந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மரக்கலங்கள், ஆள் உயரத்துக்கு ஒரு நங்கூரம், தூண் கனத்துக்குக் கயிறு. ராஜாங்கம் ஒவ்வொரு குட்டிக் கப்பலையும் குனிந்து பார்த்து, இதுக்கு மோல்டு எத்தனை துண்டாகப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். விட்டால் நங்கூரத்துக்கும் போட்டிருப்பார். கனகா சும்மா பின்னால் நடந்தாள். கப்பலைப் பார்க்க அவளுக்கு ஆசையும் இல்லை, ஆத்திரமும் இல்லை.

சுவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கயல்விழி என்ற பெண் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயசு, பேச்சில் பணிவு. ஒரு மூலையில், உடைக்கக் கொண்டுவந்த சரக்குக் கப்பலிலிருந்து ஒரு அறையை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். அதுதான் சமையலறை. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றாள்.

கனகா உள்ளே போனாள். அவர்கள் வீட்டுச் சமையல்கட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் நழுவாமல் இருக்க இரும்புக் கம்பி. கத்திகளுக்குக் கொக்கி போட்ட பெட்டி. மேஜை விளிம்பெல்லாம் மேலே தூக்கியிருந்தது. அந்த மேஜைமேல், பார்ப்பவர்களுக்கு விளங்கட்டும் என்று, ஒரு துணியை விரித்து அதன்மேல் தட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். கடல் ஆடும்போது தட்டு நழுவாமல் இருக்கத் துணியை நனைத்துப் போடுவார்கள் என்று கயல்விழி சொன்னாள். கனகா அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

பிறகு கதவைப் பார்த்தாள். கனத்த இரும்புக் கதவு. வாசற்படி முழங்கால் உயரம். புயலில் இதைத் திறந்துகொண்டு வெளியே போக முடியுமா என்று கேட்டாள்.

“கப்பல் சாஞ்சிடுச்சுன்னா கஷ்டங்க. ரெண்டு பேரு சேந்து தள்ளுனாலும் தெறக்காதுன்னு சொல்வாங்க” என்றாள் கயல்விழி. பிறகு, பேச்சை மாற்றுகிறோம் என்று நினைத்தோ என்னவோ, சுவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் யார் பெயரையும் போடுவதில்லை. ‘நீலதாரா’ என்று ஒரு கப்பல், அதில் போன அத்தனை பேர் வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள், ஒரு வீட்டில் மட்டும் பெரியவர் ஒருவர் போனை வைத்துவிட்டார், அதுவும் உங்கள் ஊர்தான் என்றாள்.

“அது நாங்கதான்” என்றாள் கனகா.

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போய்விட்டது. மன்னிப்பு கேட்டாள். கேட்க என்ன இருக்கிறது, அவள் என்ன தெரிந்தா சொன்னாள்? கனகாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஆறு வருஷமாகத் தீவு, சிறை, வேறு தேசம் என்று மாமனார் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கதவைப் பார்த்த பிறகு ஒன்றும் மிச்சமில்லை. செத்துத்தான் போயிருக்கிறான். சோறு பொங்குகிற இடத்தில், கதவைத் தள்ளிக்கொண்டே செத்திருக்கிறான். கிளம்பும்போது கயல்விழியிடம், பேரைப் போட்டுக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். மாமனாரிடம் சொல்லவில்லை.

டைல்ஸ் வேலை நடந்தது. தடித்த டைல்ஸ், உள்ளங்கை அகலத்தைவிடப் பெரியது. மண் பாதி இறுகியிருக்கும்போதே பெயரைக் கீறிவிட வேண்டும். பிறகு நிழலில் நாள்கணக்காகக் காய வேண்டும். எந்தெந்த ஊரோ, எந்தெந்த ஜாதியோ, எத்தனையோ பேருடைய பிள்ளைகளின் பெயர்களை அவள் தயங்காமல் கீறினாள். ஒன்றை மட்டும் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேஜைக்கடியில் வைத்தாள். மண் இறுகிவிட்டால் கீற முடியாது. அதனால் தினமும் காலையில் துணியில் தண்ணீர் தெளித்தாள். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று பிரிப்பாள். எழுதாமல் மூடுவாள். மற்றப் பெயர்களெல்லாம் காய்ந்து வெளுத்துப்போன பிறகும் அது மட்டும் மேஜைக்கடியில் நனைந்துகொண்டே கிடந்தது.

சூளை அடுக்கும் நாளுக்கு முந்தைய நாள்தான் எழுதினாள். கோ. தமிழ்செல்வன். எழுதி முடித்து, பக்கத்துச் சூளையின் சூட்டில் வைத்தாள். மறுநாள் பார்க்கும்போது மேலே வெள்ளையாகத்தான் இருந்தது. உள்ளே ஈரம் இருக்கும், ஈரத்தோடு சூளைக்குப் போகும் மண் வெடிக்கும் என்பது பேட்டைக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொள்வது. கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், சில்லென்று இருந்தால் அடுக்க மாட்டார்கள். கனகா அன்றைக்குக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஒருநாள் அதை வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. எடுத்துச் சூளையின் நடுத் தட்டில் மற்றவர்களோடு வைத்துவிட்டாள்.

கதவை அடைத்தார்கள். குங்குமத் தட்டு அவள் கைக்கு வந்தது. புருஷன் பெயரை உள்ளே வைத்துவிட்டு, அந்தக் கதவுக்கு வெளியே நின்று சுமங்கலியாகக் குங்குமம் வைத்தாள். இந்தப் பாவத்துக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசி தடவை என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தீ வைத்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ‘டப்’பென்று சத்தம் கேட்டது. ஆறிய பிறகு கதவைத் திறந்து பார்த்தால், தமிழ்செல்வன் சுக்கு நூறாகிக் கிடந்தான். தெறித்த சில்லுகள் பட்டு அக்கம்பக்கத்தில் சில பெயர்கள் மூளியாகியிருந்தன. மற்றதெல்லாம் நன்றாக வந்திருந்தது.

பேட்டையில் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாக் கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது. அத்தனை பேரில் அவன் பெயர் மட்டும் நெருப்பில் நிற்கவில்லை, ஆள் இருக்கிறான், அதனால்தான் சூளை ஏற்றுக்கொள்ளவில்லை என்றார்கள். கனகா ஈரத்தோடு ஒன்றை அடுக்குவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழக்கமாக எதையும் நம்பாத ராஜாங்கமே மேலே பார்த்துக் கும்பிட்டார். கனகா வாயைத் திறக்கவில்லை.

கோவிந்தசாமிக்கு விஷயம் டீக்கடையில் எட்டியது. தன்னிடம் கேட்காமல் சம்மதம் கொடுத்ததற்குக் கத்துவார் என்று பயந்துகொண்டே கனகா வீட்டுக்குப் போனாள். அவரோ கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, இலையில் குங்குமமும் நான்கு முழம் மல்லிகையும் வாங்கிவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நீ எழுதுனதும் நல்லதுக்குத்தான் என்றார். ஆறு வருஷத்தில் அவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. கனகா பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

அந்த வாரம் எதிர்வீட்டு ஆண்டாள் தன் மகள் வளைகாப்புக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தட்டு வந்தது. கனகாவுக்கு முன்னால் நின்றது. அவள் குங்குமம் எடுத்துக்கொண்டு, பெண்ணுக்கு வளையலும் போட்டுவிட்டாள். சொன்னால் வெட்கம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் என்று தெரிந்த சந்தோஷம்தான், ஆனாலும் உடம்பெல்லாம் அது பரவியது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தாள். ஈரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பூவும் போகும், வளைகாப்பும் போகும், சூளைக் கதவும் போகும். சொல்லாவிட்டால் எல்லாம் இருக்கும். கயல்விழி போன் பண்ணி உடைந்த பெயர்களை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்களுடையதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். புருஷனுக்கும் ஒரு டைல்ஸ் தட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள், பெயர் எழுதாமல்.

அப்படியே போயிருக்கும். கோவிந்தசாமியின் நல்ல மனசுதான் குறுக்கே வந்தது.

ஒருநாள் காலை அவள் எழுந்து வரும்போது அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சள் பையில் மாற்றுத்துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டாள். ராமநாதபுரம் பக்கம் என்றார். உடைந்த டைல்ஸில் ஒன்று அந்தப் பக்கத்துப் பையனுடையது, நம் தமிழோடு அதே கப்பலில் போனவன் என்று ராஜாங்கத்திடம் விசாரித்து ஊர்ப் பெயரும் வாங்கி வைத்திருந்தார்.

“அந்தப் பையன் பேரும் ஒடைஞ்சுதான போச்சு. அவனும் இருக்கான்னுதான அர்த்தம். பெத்தவங்க அவன் செத்துட்டான்னு ஒக்காந்திருப்பாங்கம்மா. நமக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? ஒரு எட்டு போயி சொல்லிட்டு வரேன்.”

கனகா அந்த வீட்டை நினைத்துப் பார்த்தாள். எங்கோ ஒரு அம்மா அழுது முடித்து, காரியம் செய்து, எப்படியோ சோறு தின்னப் பழகியிருப்பாள். அவள் வாசலில் போய் இந்த மனுஷன் நின்று உன் பிள்ளை இருக்கிறான் என்று சொல்வார். தான் ஆறு வருஷம் இருந்த இடத்தில் அந்த அம்மா போய் உட்காருவாள். அதுவும் தன் மேஜைக்கடியில் கிடந்த ஒரு ஈரத்துணியால்.

“போவாதீங்க மாமா” என்றாள்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, ராத்திரி பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன், நீ வேலைக்குப் போ என்றார்.

“அது ஈரம் மாமா. காயாம வெச்சேன். ஈரமா வெச்சா எந்த டைல்ஸும் வெடிக்கும். அந்தப் பையனுது ஒடைஞ்சது, நம்மளுது தெறிச்சுப் பட்டதால.”

கோவிந்தசாமி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை டைல்ஸில் அது மட்டும் ஏன் ஈரமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். குரலில் இன்னும் வாதம் இருந்தது.

“நாந்தான் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வெச்சிருந்தேன்.”

“ஏன்?”

“எழுத மனசு வரல மாமா.”

அவள் அழவில்லை. அழுதால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார் என்று பயம். அருங்காட்சியகத்தில் பார்த்த சமையலறையைச் சொன்னாள். அடுப்பைச் சுற்றிய கம்பி, தூக்கிய விளிம்பு, தட்டுக்கடியில் துணி, அந்தக் கதவு. அவர் பையைக் கையில் பிடித்தபடியே கேட்டார். அவள் முடித்த பிறகு சுவரோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தார். தெருவில் பால்காரர் வந்து மணி அடித்துவிட்டு, யாரும் வராததைப் பார்த்துப் போய்விட்டார். அவள் தலையில் முந்தின நாள் வைத்த மல்லிகை வாடி அப்படியே இருந்தது. அதை எடுக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. எடுத்தால் அவர் பார்ப்பார்.

வெயில் உள்ளே வந்துவிட்டது. கடைசியில் அவர்தான் கேட்டார். மறுபடி எழுதிவிட்டாயா என்றார். டைல்ஸ் தட்டியாகிவிட்டது, பெயர் எழுதவில்லை என்றாள்.

“காய எத்தன நாளு ஆவும்?”

“நெழல்ல வெக்கணும். ரெண்டு வாரம் ஆவும் மாமா.”

கோவிந்தசாமி பையைப் பிரித்து, மடித்து வைத்திருந்த வேட்டியை வெளியே எடுத்தார். அதை முகத்தில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“எழுதி இங்க வூட்டுக்கு எடுத்தா. காயற வரைக்கும் நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்.”